கேட்டு எழுதினால் என்ன?

ஆண்டு மலருக்குப் படைப்புகள் கேட்டு அறிவிப்பு ஒட்டிய மறுவாரமே கவிதைகள் வந்து குவிந்துவிடும். அம்மா, நட்பு, நிலா, தமிழ், மீண்டும் அம்மா. அடுத்தது சிறுகதைகள். கட்டுரை என்று கேட்டால்தான் தோழர்கள் தலையைச் சொறிவார்கள். கெஞ்சிக் கூத்தாடி வாங்கினால் 'தமிழின் தொன்மை', 'இளையோரும் ஒழுக்கமும்' என்று, நாற்காலியை விட்டு எழுந்திருக்கத் தேவையே இல்லாமல் எழுதப்பட்ட இரண்டு கட்டுரைகள் கிடைக்கும்.

கவிதை எழுதுவோர் மீது எனக்குக் கோபம் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன். ஆனால் நான் கட்டுரை என்று சொல்வது வேறு. வாசகருக்குத் தெரியாத ஒன்றைத் தேடிப் போய், தெரிந்தவர்களைக் கேட்டு, கேட்டதைத் தாள்களோடு ஒப்பிட்டு, எழுத உட்காருவதற்கு முன்பே ஒரு பத்திரிகை ஆசிரியரிடம் "இப்படி ஒன்று இருக்கிறது, உங்கள் வாசகருக்கு வேண்டுமா?" என்று கேட்டு, அவர் வேண்டும் என்ற பிறகு எழுதி, அதற்குரிய சன்மானத்தையும் வாங்கிக்கொள்வது. ஆங்கிலத்திலும் மலாயிலும் இது ஒரு தொழில். ஃபிரீலான்ஸ் என்று பெயர். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்கு இல்லாமல், கட்டுரைக்குக் கட்டுரை எழுதிக் கொடுப்பவர்கள். நம் தமிழ் இதழ்களில் கோயில் திருவிழாவையும் பரிசளிப்பு விழாவையும் எழுதி அனுப்பும் பகுதிநேர நிருபர்கள் உண்டு. ஆனால் ஒரு விஷயத்தை மூன்று வாரம் துருவி ஆராய்ந்து எழுதித் தரும் வெளியாள் என்பவர் அபூர்வம். அந்த இடத்தில் பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

மாணவர்களைத் தேடிப் பத்திரிகை வந்த காலமும் இங்கே இருந்திருக்கிறது. தமிழவேள் கோ. சாரங்கபாணி 1950-களில் தமிழ் முரசில் 'மாணவர் மணிமன்றம்' என்று ஒரு பகுதியையே பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒதுக்கினார். மலாயா, சிங்கப்பூர் எழுத்தாளர் பலர் அங்கேதான் பேனா பிடிக்கப் பழகினார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956-இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கிய காலத்தில், 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டியதும் அதே பத்திரிகைக்காரர்தான். இன்று நம்மைத் தேடி யாரும் வரப்போவதில்லை. நாம்தான் போக வேண்டும்.

போகவிடாமல் நம்மைத் தடுப்பது என்ன? சோம்பல் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதைவிடப் பெரிய தடை 'தமிழ்ப்பணி' என்ற சொல் என்று நினைக்கிறேன். எழுதுவது பணி, பணிக்குக் கூலி கேட்பது அசிங்கம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறார்கள். அச்சகக்காரரிடம் போய், "அண்ணே, இது தமிழ்ப்பணி, மலரை இலவசமாக அடித்துக் கொடுங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். காகிதத்துக்குக் காசு, மைக்குக் காசு, அட்டைக்குக் காசு, கொண்டுவந்து இறக்கும் வேனுக்கும் காசு. எழுத்து ஒன்றுதான் இலவசம். இலவசமாகக் கிடைக்கும் சரக்கை யாரும் தட்டிப் பார்த்து வாங்குவதில்லை. எழுதுகிறவருக்கும், சரிபார்க்க வேண்டும் என்ற பயம் வருவதில்லை. நம் கட்டுரைகள் மெலிந்து போனதற்கு இது முக்கியக் காரணம்.

இன்னொரு பக்கம், நம்மைப் போன்றோர் கையில் இருக்கும் முதலீட்டை நாமே உணர்வதில்லை. நான் ஆறு வருடம் தமிழ்ப்பள்ளி, பிறகு தேசிய இடைநிலைப்பள்ளி. இந்த மலரைப் படிக்கும் பலரும் அப்படித்தான். இடைநிலைப்பள்ளிக்குப் போன முதல் வருடம் மலாய் சரளமாக வராமல் கடைசி வரிசையில் உட்கார்ந்தவர்கள், சனிக்கிழமை தாய்மொழி வகுப்புக்காகப் பேருந்து ஏறியவர்கள். அந்தப் பாதையை இத்தனை நாளும் குறையாகவே பேசிப் பழகிவிட்டோம். கட்டுரை எழுத இறங்கிய பிறகுதான் அது எப்பேர்ப்பட்ட வசதி என்று எனக்குப் புரிந்தது. இந்த நாட்டில் நம்மவர்களைப் பற்றிய தாள்கள் ஆங்கிலத்திலும் மலாயிலும் இருக்கின்றன. நினைவுகள் தமிழில் இருக்கின்றன. இரண்டையும் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்?

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'தோட்ட வாழ்க்கை' என்று ஒரு கட்டுரை எழுதலாமே என்று முதலில் நினைத்தேன். அது தலைப்பே அல்ல, ஒரு கிடங்கு. ஆயிரம் சொல்லில் எதைச் சொல்வது? அதனால் கிடங்குக்குள் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொண்டேன்: ஆயாக் கொட்டகை. விடியுமுன் பெரட்டுக்குப் போய், அங்கிருந்து பால் மரம் சீவப் போகும் தாய்மார்கள், கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் கொட்டகை. உத்தரத்தில் வரிசையாகச் சாரோங் தொட்டில்கள், பார்த்துக்கொள்ள ஓர் ஆயா. நம் தாத்தா பாட்டிகளில் பாதிப் பேர் அந்தத் தொட்டில்களில் தூங்கியவர்கள்தாம்.

தேடத் தொடங்கியவுடன் ஒன்று தெரிந்தது. இந்த ஒரே கொட்டகைக்கு மூன்று மொழியில் மூன்று பெயர். தமிழில் ஆயாக் கொட்டகை. பழைய ஆங்கில நாளிதழ்களில் 'க்ரெஷ்'. சட்டத்தில் 'நர்சரி'. மலாயில் தேடினால் 'தாமான் அசுஹான்' என்று தேட வேண்டும். ஒரு பெயரை மட்டும் தெரிந்தவருக்கு மற்றவை கண்ணில் படவே படாது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களை மின்னாக்கம் செய்து வைத்திருக்கிறது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் 1845-ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, தமிழ் முரசும் இருக்கிறது. அங்கே எந்தச் சொல்லைத் தட்டுகிறோம் என்பதுதான் எல்லாம்.

சட்டங்களையும் புரட்டினேன். 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பு, பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டிய பொறுப்பை நிர்வாகத்தின் தலையில் வைத்தது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. பள்ளி வயதுக்கு முந்திய பிள்ளைகளைப் பற்றிப் பேசுவது, 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் பற்றிய சட்டம், அதாவது சட்டம் 446. அதில் வீடு, மருத்துவ வசதிகளோடு பிள்ளைக் காப்பகமும் இடம்பெற்றிருக்கிறது. 1990 என்பதைக் கவனியுங்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறி, துண்டாடப்பட்டு, வீடமைப்புத் திட்டங்களுக்குக் கைமாறி, மக்கள் பட்டணத்துப் புறம்போக்கில் குடிசை போட்டுக்கொண்டிருந்த காலம் அது.

இவ்வளவும் தாள். தாளில் தொட்டில் ஆடாது. அதற்காகக் கோலசிலாங்கூர்ப் பக்கம் ஒரு தாமானில் இருக்கும் பாட்டியைப் பார்க்கப் போனேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆயாவாக இருந்தவர். போனதும் அவர்தான் என்னைப் பேட்டி எடுத்தார். "எந்தத் தோட்டத்துப் புள்ள நீ? உங்க தாத்தா பேரு என்ன?" அது முடிய அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தை வீண் என்று நினைக்கிறவர் இந்த வேலைக்கு வரக்கூடாது. நம்மை யார் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அவர்கள் வாய் திறப்பார்கள், அது நியாயமும் கூட. கொட்டகையில் எத்தனை பிள்ளைகள் இருந்தார்கள் என்று கேட்டேன். பாட்டி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எத்தனன்னு யாரு கண்டா? பேரச் சொல்றேன், எழுதிக்கம்மா" என்று தொடங்கினார். நாற்பத்தொரு பெயர். யார் தொட்டிலில் அழுதுகொண்டே இருப்பான், யாருக்குத் தாய்ப்பால் இல்லாமல் டின் பால், யார் இப்போது ஷா ஆலமில் லோரி கம்பெனி வைத்திருக்கிறான் என்பது வரை.

தேதிதான் பெரிய சிக்கல். நம் பெரியவர்கள் வருடம் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு வேறு நாட்காட்டி இருக்கிறது. "ஜப்பான்காரன் காலம்" என்றால் 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை. "வேலி போட்ட காலம்", "ஊரடங்கு காலம்" என்றால் அவசரகாலம், 1948-லிருந்து 1960-க்குள். "சுதந்திரத்துக்கு முன்ன" என்றால் 1957-க்கு முன்பு. "கலவரம்" என்றால் 1969 மே. "பெர்மிட் கேட்ட காலம்" என்றால் அதற்கு அடுத்து, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை பெர்மிட் இல்லாமல் தவித்து, பலர் கப்பலேறிய காலம். கொட்டகையை எப்போது கட்டினார்கள் என்று கேட்டால், "ஜப்பான்காரன் போயிட்டான், வேலி இன்னும் போடல" என்றார் பாட்டி. அப்படியானால் 1945-க்கும் 1948-க்கும் நடுவில். இதைவிடத் துல்லியமாக எந்தக் கோப்பு சொல்லும்? இந்த நாட்காட்டியை வாசிக்க இன்னும் எத்தனை வருடம் ஆள் இருக்கும் என்று நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. தாள்கள் காத்திருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் குளிரூட்டிய அறையில் பத்திரமாக இருக்கும். பாட்டிக்கு எண்பத்தெட்டு வயது.

அவர் சொன்ன எல்லாவற்றையும் அப்படியே எழுதிவிடவும் கூடாது. நினைவு பாசத்தோடு கலந்தது. கொட்டகையில் ஒரு பிள்ளைகூட நோயில் போனதில்லை என்றார். அதே தோட்டத்தில் வேலை செய்த இன்னொரு அம்மாள், இரண்டு பிள்ளைகள் ஒரே வாரத்தில் போனதைச் சொன்னார். இருவரில் யாரும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். இரண்டையும் எழுத வேண்டும், யார் சொன்னது எது என்று தெரியும்படி எழுத வேண்டும். கவிதையில் இந்தக் கவலை இல்லை.

இனி, ஆசிரியரிடம் கேட்பது. எங்கள் தலைமுறையே கூச்சப்படும் இடம் இதுதான். முழுக் கட்டுரையையும் எழுதி, ஒரே மின்னஞ்சலில் நான்கு பத்திரிகைகளுக்கும் தட்டிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்கடையாகப் புரட்டிப் பார்ப்பதுதான் நம் வழக்கம். சில நேரம் ஒரே படைப்பு ஒரே நாளில் இரண்டு ஏடுகளில் வந்து, இரண்டு ஆசிரியர்களும் அந்த எழுத்தாளரின் பெயரை மறக்கமுடியாமல் ஆகிவிடும்! முன்கூட்டியே கேட்கும் கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் போகத் தேவையில்லை. நான் எழுதியதில் முதல் பத்தியில் கொட்டகையும் நாற்பத்தொரு பெயரும். இரண்டாவதில், இதை ஏன் இப்போது எழுத வேண்டும், அந்த இதழின் வாசகருக்கு இதில் என்ன இருக்கிறது. மூன்றாவதில், யார் யாரைச் சந்தித்தேன், எத்தனை சொற்கள், எந்தத் தேதிக்குள் தருவேன், படம் உண்டா. கடைசி வரியில், சன்மானம் எவ்வளவு என்ற கேள்வி. அந்தக் கடைசி வரியை எழுத எனக்கு இரண்டு நாள் ஆனது. கடிதம் எழுதுவதற்குள் கட்டுரையின் எலும்புக்கூடு தெளிவாகிவிடுகிறது என்பது இதில் கிடைக்கும் இன்னொரு லாபம். ஒரு பக்கத்தில் சொல்ல முடியாவிட்டால் நமக்கே இன்னும் விஷயம் பிடிபடவில்லை என்று பொருள்.

ஆசிரியர்கள் பக்கமும் ஒன்று சொல்ல வேண்டும். முன்பு ஒரு கட்டுரையை, தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துவோர் பற்றியது, ஓர் இதழுக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். பதில் இல்லை. இரண்டு மாதம் கழித்து, தலைப்பு மாறி, கடைசி மூன்று பத்திகள் வெட்டுப்பட்டு வந்திருந்தது. சன்மானம் பற்றி மரியாதையாகத்தான் கேட்டேன். "பேரு பெருசா போட்டோமே தங்கச்சி, அது போதாதா?" என்று பதில் வந்தது. ஞாயிறு பதிப்பின் அத்தனை பக்கத்தையும் ஓரிருவர் இரவெல்லாம் உட்கார்ந்து நிரப்புகிறார்கள் என்பதை நான் அறிவேன். விளம்பரம் குறைந்து பத்திரிகைகள் மூச்சுத் திணறுவதும் தெரியும். 1924-இல் தொடங்கிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுபோன நாட்டில் இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தமிழுக்கு மட்டும் வந்த நோயும் அல்ல அது: மலாய் மெயில் 2018 டிசம்பரோடு அச்சை நிறுத்தியது, பெண்கள் இதழ்கள் பலவற்றை நடத்திய புளூ இங்க் மீடியா 2020-இல் மூடப்பட்டது. ஆனாலும், சென்னையிலிருந்து வரும் சினிமாச் செய்தியை வாசகர் தம் கைத்தொலைபேசியிலேயே முதல்நாள் பார்த்துவிடுகிறார். கோலசிலாங்கூர் ஆயாவை எந்தக் கைத்தொலைபேசியில் பார்ப்பார்? வேறெங்கும் கிடைக்காததைத் தருகிறவனுக்குத்தானே வாசகன் காசு கொடுப்பான். ஐம்பது வெள்ளி பெரிய தொகை அல்ல. நான் இரண்டு முறை கோலசிலாங்கூர் போய் வந்த செலவுக்கும் நகல் எடுத்த செலவுக்கும் அது சரியாக இருக்கும். ஆனால் அந்த ஐம்பது வெள்ளியைக் கொடுக்கிற ஆசிரியருக்கு, "இந்த வருடத்துக்கு ஆதாரம் என்னம்மா?" என்று கேட்கும் உரிமை வருகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் ஆசிரியர்தான் எனக்கு வேண்டும்.

கட்டாத வியாபாரம் என்று சிலர் சிரிப்பார்கள். ஒரு கட்டுரை, ஒரு மொழி, ஒரு பத்திரிகை என்று கணக்குப் போட்டால் கட்டாதுதான். ஆனால் நமக்கு மூன்று மொழி தெரியும். ஒரே தேடலில் மூன்று கட்டுரை எழுத இடம் இருக்கிறது. மொழிபெயர்ப்பைச் சொல்லவில்லை. தமிழ் வாசகருக்கு ஆயாக் கொட்டகை என்றால் என்னவென்று விளக்கினால் புத்தகத்தை மூடிவிடுவார், அவருக்கு அந்த 1945 கணக்கும் பெயர்ப்பட்டியலும் வேண்டும். மலாய் வாசகருக்கு, தோட்டத்துக்குள் இப்படி ஓர் உலகம் இருந்தது என்பதே செய்தி. டேவான் பஹாசா டான் புஸ்தாகா 1956-லிருந்து இயங்கிவருகிறது, அதன் இதழ்களில் நம் பெயர்கள் எத்தனை பார்க்கிறோம்? ஆங்கில வாசகருக்குச் சட்டம் 446-இலிருந்து தொடங்கலாம், குழந்தைக் காப்பகம் கிடைக்காமல் அல்லாடும் இன்றைய கோலாலம்பூர்த் தாய்மார்களுக்கு அது நேரே உறைக்கும்.

இதில் ஒரு முடிச்சு இருக்கிறது, தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. 1987-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி, சம்பள ஊழியர் அல்லாத ஒருவரிடம் கேட்டு வாங்கிய படைப்பின் உரிமை, வேறு உடன்பாடு எதுவும் இல்லையென்றால், கேட்டு வாங்கியவருக்கே போய்விட்டதாகக் கொள்ளப்படும். நாமாக எழுதி அனுப்பியதற்கு இது பொருந்தாது. ஆசிரியர் "எழுதித் தாருங்கள்" என்று சொன்ன கட்டுரைக்குத்தான் பொருந்தும். ஆகவே கடிதத்திலேயே, 'பதிப்புரிமை எழுதியவருக்கே, உங்கள் இதழுக்கு முதலில் வெளியிடும் உரிமை' என்று ஒரு வரி சேர்த்து, அதற்கு ஒப்புதலும் வாங்கிவிட வேண்டும். சட்டம் படிக்கும் தோழர் ஒருவர் இதைக் காட்டிக் கொடுத்தார். ஒரு தேநீர் வாங்கிக் கொடுத்தேன், அதுதான் என் முதல் சட்ட ஆலோசனைக் கட்டணம்.

ஆய்வு என்றால் இறுதியாண்டு ஆய்வேடு இருக்கிறதே என்று ஒரு மூத்த மாணவர் என்னிடம் கேட்டார். இருக்கிறது. அருமையான ஆய்வேடுகள் எல்லாம் நூலக அடுக்கில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன. எழுதியவர், மேற்பார்வையாளர், தேர்வாளர் என்று மூன்று பேர் படித்ததோடு சரி. அவற்றுக்குப் பேட்டி கொடுத்த பெரியவர்களில் எத்தனை பேர் வீட்டுக்கு ஒரு பிரதி போயிருக்கும்? பத்திரிகையில் வந்தால், பக்கத்தை வெட்டிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒட்டி வைப்பார்கள். "நான் அப்படிச் சொல்லலையே" என்று தொலைபேசியில் சண்டைக்கும் வருவார்கள். ஆய்வேட்டுக்கு அந்தப் பாக்கியம் கிடையாது.

முன்னாள் மாணவர்களுக்கு ஒரு விண்ணப்பம். உங்களில் சிலர் இன்று பத்திரிகை, வானொலி, பதிப்பகம் என்று முடிவெடுக்கும் நாற்காலிகளில் இருக்கிறீர்கள். எங்கள் கடிதம் வந்தால் இரண்டு வரியில் பதில் போடுங்கள். "வேண்டாம்" என்றாலும் சரி, அதே கையோடு அதை இன்னொருவரிடம் கொண்டுபோவோம். மௌனத்தை எங்கே கொண்டுபோவது?

இளையவர்கள் "எதைப் பற்றி எழுதுவது அக்கா?" என்று கேட்கிறார்கள். என் குறிப்பேட்டில் இருப்பதைச் சொல்கிறேன். பால் நிறுக்கும் கொட்டகையில் தராசைப் பிடித்த கிராணிகள். தோட்டத்துக் கடையின் கடன் சிட்டைகள், அவற்றை இன்னும் பெட்டியில் வைத்திருக்கும் குடும்பங்கள். சிவப்பு அடையாளக் கார்டோடு முதுமையடைந்தவர்கள். மாதம் பத்து வெள்ளி கட்டி, 1960-இல் துன் சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் பங்கு வாங்கியவர்கள். சனிக்கிழமைத் தாய்மொழி வகுப்பு ஆசிரியர்கள். தோட்டத்துத் திடலில் திரை கட்டிப் படம் காட்டியவர்கள். கடைசியாகச் சொன்ன திடல் படத்தை மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள். பந்திங்கில் ஒரு பெரியவர் இன்னும் அந்தப் படம் காட்டும் இயந்திரத்தை வைத்திருக்கிறார் என்று கேள்வி, அடுத்த மாதம் பார்க்கப் போகிறேன். மற்றவற்றை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.